சின்ன எஞ்சின், சின்னப் பம்பு, சுருங்காத காற்று

ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய நீராவி எஞ்சின் இருக்கிறது. அதன் சிலிண்டரின் விட்டம் 2 அங்குலம். பிஸ்டனின் வீச்சு 6 அங்குலம். சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைக்கும் பெரிய எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த மாதிரி அது. ஆனால் காட்டும் அளவுக்கு அது ஓடவில்லை. லண்டனில் ஒரு கருவி வினைஞரிடம் பழுதுபார்க்கப் போய்வந்த பிறகும் குறை தீரவில்லை. 1763ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பேராசிரியர் ஜான் ஆண்டர்சன் அதைப் பல்கலைக்கழக வளாகத்தில் கருவிப் பட்டறை வைத்திருந்த ஓர் இளைஞரிடம் கொடுத்தார். அவர் பெயர் ஜேம்ஸ் வாட். வயது 27.

வாட் பழுதை நீக்கினார், பாய்லரைக் காயவைத்தார், நெருப்பை ஊதினார். எஞ்சின் சில வீச்சுகள் ஆடியது, நின்றுவிட்டது. பாய்லரில் இருந்த நீராவி அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. இத்தனைக்கும் உறுப்புகளில் எந்தக் குறையும் இல்லை. பெரிய எஞ்சினின் அதே வடிவம், அதே விகிதம். பெரியது ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருந்தது. அச்சு அசலாகச் சுருக்கிய சின்னது ஏன் ஓட மறுத்தது?

கையடக்க எஞ்சினால் ஓடும் கையடக்கப் பம்பு ஒன்றைச் செய்ய விரும்புகிற எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. உலோகத்தை நாம் பத்தில் ஒன்றாகச் சுருக்கலாம். காற்றழுத்தத்தையும், புவியீர்ப்பையும், நீரின் பிசுப்பையும், வெப்பம் கடந்துபோகும் இயல்பையும் சுருக்க முடியாது. ஓடும் மாதிரியைச் செய்வது என்றால் சுருங்கும் பொருளுக்கும் சுருங்காத இயற்கைக்கும் இடையே ஒரு சமரசத்தைக் கண்டுபிடிப்பது.

கிளாஸ்கோ மாதிரியின் மூலவடிவம் தாமஸ் நியூகோமன் வடிவமைத்த எஞ்சின். இங்கிலாந்தின் டார்ட்மத் ஊரில் இரும்பு வணிகராக இருந்த நியூகோமன், 1712இல் டட்லி கோட்டைக்கு அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் அதை நிறுவினார். சிலிண்டரின் விட்டம் 21 அங்குலம். அதற்கு மேலே ஒரு பெரிய மர உத்தரம், நம் ஏற்றத்தின் துலாவைப் போல நடுவில் தாங்கி, இருபுறமும் ஏறி இறங்கும். ஒரு முனையில் பிஸ்டன். மறுமுனையில் சுரங்கத்துக்குள் இறங்கும் கனத்த பம்புத் தண்டு. தண்டின் எடை உத்தரத்தை இழுக்க, பிஸ்டன் மேலே ஏறும். சிலிண்டரில் நீராவி நிறையும். அப்போது உள்ளே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி குளிர்ந்து சில துளி நீராகிவிட, சிலிண்டரில் வெற்றிடம் உண்டாகும். வெளியே இருக்கும் காற்று, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம், பிஸ்டனைக் கீழே அழுத்தும். மறுமுனை உயர, தண்ணீர் மேலே வரும். உண்மையில் அந்த எஞ்சினில் வேலை செய்தது வளிமண்டலம்தான். நீராவி அதற்கு இடம் ஒழித்துக் கொடுத்தது, அவ்வளவே. நிமிடத்துக்கு 12 வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்கும் சுமார் 45 லிட்டர் தண்ணீர். 46 மீட்டருக்கும் சற்று அதிகமான ஆழம். இன்றைய கணக்கில் ஐந்தரைக் குதிரைத்திறன்.

இனி அந்த 21 அங்குலத்தை 2 அங்குலமாக்குவோம். நீளம் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகும்போது பரப்பு நூறில் ஒன்றாகிறது, கொள்ளளவு ஆயிரத்தில் ஒன்றாகிறது. சிலிண்டருக்குள் இருக்கும் நீராவி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது; அதைச் சுற்றிலும் இருக்கும் உலோகச் சுவரோ நூறில் ஒரு பங்காகத்தான் குறைந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு துளி நீராவியும் பத்து மடங்கு சுவரைச் சந்திக்கிறது. குளிர்நீர் பீய்ச்சிய மறுகணம் சுவர் குளிர்ந்திருக்கும். அடுத்து வரும் நீராவியில் பெரும்பகுதி பிஸ்டனுக்கு உதவுவதற்கு முன்பே அந்தச் சுவரைச் சூடேற்றுவதில் கரைந்துபோகும். தம்ளர் காபி ஆறுகிற நேரத்தில் அண்டாக் காபி ஆறுவதில்லை அல்லவா, அதே கணக்கு.

வாட் இதை விரைவில் புரிந்துகொண்டார். பம்பு தூக்கவேண்டிய நீர்த்தம்பத்தின் உயரத்தைக் குறைத்ததும் பீய்ச்சும் குளிர்நீர் குறைவாகவே போதுமானது. மாதிரி ஒழுங்காக ஓடத் தொடங்கியது. கொடுத்த வேலை அதோடு முடிந்தது. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. நீரின் அளவைப் போல நீராவி எத்தனை மடங்கு விரிகிறது என்று அளந்து, சுமார் 1,800 மடங்கு என்று கண்டார். வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் மரத்தில் ஒரு சிலிண்டர் செய்து பார்த்தார். ஒவ்வொரு வீச்சிலும் சிலிண்டர் கொள்வதைப் போலப் பல மடங்கு நீராவி வீணாகிறது என்று தெரிந்தது. மாதிரியில் கண்ட குறை பெரிய எஞ்சினிலும் இருந்தது. பெரிய உடம்பில் அது கண்ணில் படவில்லை. 1765 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோ பசும்புல் திடலில் நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு விடை கிடைத்தது: சிலிண்டரை எப்போதும் சூடாகவே வைத்துக்கொள், நீராவியைக் குளிர்விக்கத் தனியாக ஒரு கலம் வை. 1769இல் காப்புரிமை பெற்றார். 1776இல் அந்த வகை எஞ்சின்கள் வேலைக்கு வந்தன. தொழிற்புரட்சியைத் தூக்கி நிறுத்திய எஞ்சின், ஓடாத ஒரு பம்பு மாதிரியிலிருந்து பிறந்தது. அறிவியல் வரலாற்றில் ஒரு மாதிரி இதைவிடப் பெரிய உபகாரம் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

அளவைச் சுருக்கினால் குணமும் மாறும் என்பதைக் கலிலியோ 1638இல் வெளியான தம் ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலிலேயே சொல்லிவிட்டார். சிறிய மாதிரியில் உறுதியாக நின்ற அமைப்பைப் பெரிதாக்கினால் தன் எடையாலேயே அது முறியக்கூடும் என்று நூலின் தொடக்கத்தில் பேசும் அவர், அதே நூலில் பம்பைப் பற்றியும் பேசுகிறார். உறிஞ்சு பம்பு 18 முழத்துக்கு மேல், அதாவது சுமார் பத்து மீட்டருக்கு மேல், நீரை இழுப்பதில்லை என்று குறிப்பிடுகிறார். காரணத்தை அவர் சரியாகப் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் அவருடைய சீடர் டாரிசெல்லி பிடித்தார். நீரைப் பம்பு இழுப்பதில்லை. வெளியே இருக்கும் காற்று அதை மேலே தள்ளுகிறது, அந்தக் காற்றால் 10.3 மீட்டர் நீர்த்தம்பத்தை மட்டுமே தாங்க முடியும். ஆழக் கிணற்றில் பம்பைக் கீழே இறக்கி வைப்பதற்குக் காரணம் இதுவே. மாதிரி செய்பவருக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. பத்தில் ஒன்றாகச் சுருக்கிய கிணறு ஒரு மீட்டர்தான் இருக்கும். வளிமண்டலம் சுருங்காததால் அந்த ஒரு மீட்டர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. இயற்கை சுருங்காதது சில இடங்களில் நமக்கு எதிரி, சில இடங்களில் நண்பன்.

எந்தப் பம்பைச் சுருக்குவது? தோட்டத்திலும் வீட்டிலும் நாம் அதிகம் பார்ப்பது மையவிலக்குப் பம்பு. உள்ளே இம்பெல்லர் என்னும் சக்கரம் சுழன்று நீரை வெளிப்புறம் வீசுகிறது. 15 சென்டிமீட்டர் சக்கரம், நிமிடத்துக்கு 2,880 சுற்று என்று வைத்துக்கொள்வோம். விளிம்பின் வேகம் நொடிக்கு 22 மீட்டருக்கும் மேல். நீர் ஏறும் உயரம் ஏறத்தாழ 26 மீட்டர். இதைப் பத்தில் ஒன்றாக்கி அதே சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் பத்தில் ஒன்று. நீர் ஏறும் உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது நூறில் ஒன்றாகி, 26 சென்டிமீட்டரில் நின்றுவிடும். நீரின் அளவு ஆயிரத்தில் ஒன்று. தேவைப்படும் சக்தி லட்சத்தில் ஒன்று: 5 குதிரைத்திறன் மோட்டாரின் இடத்தில் ஒரு வாட்டின் நூறில் நான்கு பங்குகூட வேண்டாம். பழைய உயரம் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 28,800 சுற்று சுற்றவேண்டும். சிறிய நீராவி எஞ்சினால் அந்தப் பக்கம் போகவே முடியாது.

ஆகவே என் பரிந்துரை, தண்டு முன்னும் பின்னும் போகும் உந்து பம்பு. தெருமுனை அடிகுழாயின் குடும்பம்தான் இது. மெதுவாக ஓடினாலும் அது தரும் அழுத்தம் குறையாது. வேகம் குறைந்தால் நீரின் அளவு குறையும், அவ்வளவே. 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு, 10 மில்லிமீட்டர் வீச்சு என்று எடுத்துக்கொண்டால் ஒரு வீச்சுக்கு 0.2 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு நூறு வீச்சு என்றால் 20 மில்லிலிட்டர். அதை 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றத் தேவையான சக்தி ஒரு மில்லிவாட், அதாவது வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எஞ்சின் பக்கம் வருவோம். முதல் முயற்சிக்கு ஏற்றது ஆடும் சிலிண்டர் எஞ்சின். சிலிண்டர் ஒரு முளையில் மாட்டப்பட்டு, கிராங்கோடு சேர்ந்து இடமும் வலமும் ஆடும். ஆடும்போது அதன் பக்கவாட்டில் உள்ள துளை, நிலையான தட்டில் உள்ள இரண்டு துளைகளில் ஒருமுறை உள்வழியோடும் மறுமுறை வெளிவழியோடும் நேராக வந்து சேரும். தனி வால்வு, அதை இயக்கும் கம்பி எதுவும் வேண்டாம். ஒரு சிறிய லேத், ஒரு துளையிடும் இயந்திரம், கொஞ்சம் பித்தளை, பொறுமை ஆகியவை போதும். 10 மில்லிமீட்டர் சிலிண்டர், 20 மில்லிமீட்டர் வீச்சு, ஒரு பார் அழுத்தம் என்றால் பிஸ்டனைத் தள்ளும் விசை 800 கிராம் எடைக்குச் சமம். நிமிடத்துக்கு 600 சுற்றில், காகிதக் கணக்கின்படி, ஒன்றரை வாட் கிடைக்கவேண்டும். பம்புக்கு வேண்டியது ஒரு மில்லிவாட். எஞ்சின் தருவது அதைப் போல ஆயிரத்து ஐந்நூறு மடங்கு. அப்படியிருந்தும் செய்த எஞ்சின் சுற்றாமல் நிற்பது உண்டு. இறுக்கமான பேரிங்கும், நேர்கோட்டில் அமையாத தண்டும், முறுக்கிக் கட்டிய பேக்கிங்கும் கிடைத்த சக்தியை எல்லாம் விழுங்கிவிடும். எஞ்சின் ஓடாவிட்டால் சிலிண்டரைப் பெரிதாக்க நினைப்பது வீண். உராய்வு எங்கே என்று தேடுவதுதான் வழி. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் சக்கரம் தானாகப் பல சுற்றுச் சுற்றி மெல்ல நிற்கவேண்டும். அதற்கு முன் காற்றையோ நீராவியையோ திறப்பதில் பயனில்லை.

பறக்கும் சக்கரத்தைப் (ஃபிளைவீல்) பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பழைய எஞ்சின்களைப் படங்களில் பார்த்தவர்களுக்கு, சக்கரம் நிதானமாக, யானை நடையாகச் சுழலும் காட்சி மனதில் பதிந்திருக்கும். மாதிரியும் அப்படியே சுழலவேண்டும் என்று ஆசைப்படுவார்கள். விட்டத்தையும் தடிமனையும் பத்தில் ஒன்றாக்கி அதே சுற்றில் ஓட்டினால் சக்கரத்தில் தேங்கும் ஆற்றல் லட்சத்தில் ஒன்றாகிவிடும். ஒரு சுற்றில் பிஸ்டன் செய்யும் வேலையோ, அழுத்தம் மாறாதவரை, ஆயிரத்தில் ஒன்றுதான் ஆகும். அதாவது சக்கரம் தன் பங்கில் நூறு மடங்கு பலவீனப்பட்டுவிட்டது. பிஸ்டன் தள்ளாத அரைச் சுற்றைக் கடக்க அதில் ஆற்றல் இருக்காது. ஒன்று, பத்து மடங்கு வேகமாகச் சுற்றவேண்டும். அல்லது சக்கரத்தை அளவுக்கு மீறித் தடிப்பாகச் செய்யவேண்டும். சிறிய எஞ்சின்கள் விர்ரென்று சுற்றுவது அவற்றின் உடலமைப்பிலேயே இருக்கிறது.

எஞ்சின் வேகமாக ஓடட்டும். பம்பை நேரடியாக அதோடு இணைத்தால் என்ன? இணைத்தால் வால்வுகள் திணறும். இந்த அளவுப் பம்பில் வால்வு என்பது ஒரு வட்டத் துளையின் மேல் உட்காரும் சிறு எஃகுக் குண்டு. நீர் மேலே தள்ளும்போது குண்டு எழும், திரும்பும்போது உட்கார்ந்து அடைக்கும். 3 மில்லிமீட்டர் குண்டு முக்கால் மில்லிமீட்டர் எழுந்தால் மறுபடி கீழே வர, நீருக்குள், குறைந்தது நொடியில் ஆயிரத்தில் 14 பங்கு ஆகும். புவியீர்ப்பு மாதிரிக்காக அதிகரிப்பதில்லை. குண்டு தன் வேகத்தில்தான் விழும். பம்பு நிமிடத்துக்கு 3,000 முறை அடித்தால் அரை வீச்சுக்குக் கிடைப்பது ஆயிரத்தில் 10 பங்குதான். குண்டு உட்காரும் முன்பே அடுத்த வீச்சு வந்துவிடும். உள்ளே போன நீர் போன வழியே திரும்பும். நூறு வீச்சில் ஓடினால் அரை வீச்சுக்கு ஆயிரத்தில் 300 பங்கு கிடைக்கிறது, குண்டுக்கு அது தாராளம். ஆகவே இடையில் பல்சக்கரம் வைத்து ஆறில் ஒன்றாக வேகத்தைக் குறைப்பதே முறை. குண்டு எழும் உயரத்தையும் கட்டுப்படுத்தவேண்டும். துளை விட்டத்தில் கால் பங்கு எழுந்தாலே துளையின் முழுப் பரப்புக்குச் சமமான வழி திறந்துவிடுகிறது. அதற்கு மேல் எழுவதால் லாபமில்லை, திரும்பி வரும் நேரம்தான் கூடும். சைக்கிள் பால்ரஸைப் போடலாமே என்று தோன்றும். சில நாளில் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கும். துருப்பிடிக்காத எஃகுக் குண்டு வாங்கிக்கொள்ளுங்கள். துளையின் விளிம்பில் அதே அளவுக் குண்டு ஒன்றை வைத்துச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினால் குண்டுக்கேற்ற மெல்லிய இருக்கை விழும். அந்தக் குண்டைத் தூரப் போட்டுவிட்டுப் புதிய குண்டைப் போடவேண்டும்.

அடுத்தது ஒழுகல். தண்டுக்கும் குழலுக்கும் நடுவே உள்ள சந்து வழியே கசியும் நீர், சந்தின் அகலத்தின் கனத்தைப் பொறுத்தது. சந்து இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. நம் 5 மில்லிமீட்டர் தண்டைச் சுற்றி 0.05 மில்லிமீட்டர் சந்து, 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு இருப்பதாகக் கொள்வோம். 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ஏற்றும்போது நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிலிட்டர் கசியும்; பொறுத்துக்கொள்ளலாம். அதே பம்பை 3 பார் அழுத்தமுள்ள சிறு பாய்லருக்கு நீர் ஊட்டப் பயன்படுத்தினால் கசிவு நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லிலிட்டர் என்று கணக்கு சொல்கிறது. பம்பு தருவதே 20 மில்லிலிட்டர்! ஒரு சொட்டும் பாய்லருக்குப் போகாது. சந்தை 0.01 மில்லிமீட்டராகக் குறைத்தால் கசிவு இரண்டரை மில்லிலிட்டருக்குள் வந்துவிடும், ஆனால் அந்த நுட்பத்தைச் சிறிய லேத்தில் கொண்டுவருவது கடினம். கிராஃபைட் தடவிய நூலைச் சுற்றி கிளாண்டு போட்டு இறுக்குவது, அல்லது ஒரு ஓ-ரிங் போடுவது எளிய வழி. இறுக்கினால் உராய்வு, தளர்த்தினால் கசிவு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் கைக்குத்தான் தெரியும். லேத் பட்டறையில் பல ஆண்டு பழகிய ஒருவரிடம் அரை மணி நேரம் நின்று பார்த்தால் எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாக அது பிடிபடும்.

பம்பில் ஏர் பிடித்துவிட்டது என்று விவசாயிகள் சொல்வது சின்னப் பம்பில் இன்னும் பெரிய தொல்லை. 100 மில்லிமீட்டர் குழாயில் நீரின் பரப்பு இழுவிசை உண்டாக்கும் தடை அரை மில்லிமீட்டர் நீர் உயரத்துக்கும் குறைவு, யாரும் கவனிப்பதில்லை. 2 மில்லிமீட்டர் குழாயில் அதே தடை சுமார் 15 மில்லிமீட்டர். வரிசையாக நாலைந்து குமிழிகள் சிக்கிக்கொண்டால் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், நீர் நகராது. குழாயை மேடுபள்ளமின்றிச் சீராக மேல்நோக்கி அமைத்தால் குமிழிகள் தாமாக வெளியேறும். பாய்லருக்கு ஊட்டும் பம்பில் வேறொரு சங்கடமும் உண்டு. தண்டு முழுதும் உள்ளே போன பிறகும் வால்வுகளுக்கு நடுவே மிஞ்சும் இடம், தண்டு விலக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்து, அதில் காற்று நிரம்பிவிட்டால், அந்தக் காற்று அமுங்கி அமுங்கி விரியுமே தவிர 3 பார் பாய்லருக்குள் நுழையாது. தண்டின் நுனி வால்வுகளுக்கு மிக அருகே வந்து திரும்பும்படி செய்யவேண்டும் என்பது இதனால்தான்.

இவையெல்லாம் விளையாட்டுப் பொருளுக்கான கணக்குகள் என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவில் கொலராடோ ஆற்று நீரை ஐந்து நிலையங்களில் மொத்தம் 490 மீட்டருக்கும் மேல் உயர்த்தி லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கொண்டுசெல்லும் கால்வாயைத் திட்டமிட்ட காலத்தில், 1930களில், அதன் பம்புகளை ஆராய்வதற்கென்றே கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு பம்பு ஆய்வகம் அமைத்தார்கள். மாதிரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். சிறிய பம்பில் உராய்வும் கசிவும் விகிதத்தில் அதிகம். அதனால் பெரிய பம்பின் திறன் மாதிரியைவிட உயர்ந்திருக்கும். எவ்வளவு உயரும் என்று கணக்கிடும் கலை இன்றும் பம்பு, விசையாழித் தொழிலின் அடிப்படை.

நம் பள்ளிக் கண்காட்சிகளில் தெர்மோகோலில் செய்து வண்ணம் பூசிய மாதிரிகள் நிறைய வருகின்றன. உழைப்பு இருக்கிறது, அழகும் இருக்கிறது. ஆனால் அவற்றில் எதுவும் தவறாகப் போவதில்லை. தவறாகப் போகாத மாதிரியிடம் கேள்வி கேட்க முடியாது. ஒரு தேக்கரண்டித் தண்ணீரை ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றும் பம்பு, பல பாடங்களை ஒன்றாக நடத்திவிடும்: வெப்பம், அழுத்தம், உராய்வு, பிசுப்பு, பரப்பு இழுவிசை. ஒவ்வொன்றும் தேர்வுத்தாளில் தனித்தனியே இருப்பவை. ஓடும் பம்பில் மட்டும்தான் அவை ஒன்றோடொன்று மோதுவது தெரியும்.

செய்ய இறங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் எஞ்சினை நீராவியில் ஓட்டாதீர்கள். 3 பார் அழுத்தத்தில் பாய்லர் நீர் சுமார் 144 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். கலம் எங்காவது கிழிந்தால் அந்த நீரில் ஒரு பகுதி நொடியில் நீராவியாக வெடித்துக் கிளம்பும். டப்பாக்களையும் ஈயப் பற்றையும் வைத்துப் பாய்லர் செய்வது எந்த வயதினருக்கும் ஆபத்து. கார் டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் கம்ப்ரஸர் போதும். அழுத்தத்தை ஒரு பாருக்குள் வைத்துக்கொண்டு எஞ்சினையும் பம்பையும் பழக்குங்கள். நீராவிதான் வேண்டுமென்றால், வெள்ளிப் பற்று வைத்த செம்புப் பாய்லரை, அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில், பாதுகாப்பு வால்வோடு செய்து, இயங்கும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு நீரழுத்தத்தில் சோதித்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள்.